பத்தாயிரத்து ஒன்றாவது கல்

நேரில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் அவள் ரசமட்டம். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் வைக்கிற, நடுவில் குமிழி ஓடுகிற கட்டைக்கு உள்ள பெயர் அது. அவளுக்கு அந்தக் கட்டையே வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு நாலடி நடந்தால் போதும், எந்த மூலை நூலளவு தாழ்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. விருந்துக்குப் போன வீட்டில்கூட முதலில் தரையைப் பார்ப்பாள், அப்புறம்தான் மனிதர்களைப் பார்ப்பாள். இதனாலேயே அவளை விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

இருபத்திரண்டு வருடம் அடுத்தவர்களுக்குக் கீழே தரை போட்டவளுக்கு இந்த வருடம்தான் சொந்தப் பெயரில் ஒரு வேலை கிடைத்தது. அதுவும் சாதாரண வேலையில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். அதன் முற்றத்தில் பதித்திருந்த ஓரடிச் சதுரக் கருங்கற்களை ஒன்றுகூட உடையாமல் பெயர்த்தெடுத்து, பக்கத்தில் எழும்பியிருக்கும் புதிய கட்டடத்தின் காத்திருப்பு மண்டபத்தில் பதிக்க வேண்டும். வாசலில் ஒரு தகரப் பலகை வைத்து, 'தரை வேலை' என்று போட்டு, அதன் கீழே அவள் பெயரைப் பெயிண்டரை வைத்து எழுதினார்கள். ஒரு கோட் பெயிண்ட்தான் அடித்திருந்தது. ரெண்டாவது கோட்டை நிறுத்திவைக்கச் சொன்னது அவளுடைய நாத்தனார்.

"வேலை முடியட்டும் அண்ணி. இப்பவே பெயிண்டை வீணாக்குவானேன்" என்றாள்.

நாத்தனார் அந்தக் குழுவில் சந்து பூசுகிறவள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சந்தையெல்லாம் அடைத்துவிடுவாள், தன் வாயை மட்டும் அடைக்கமாட்டாள். ஆனால் நல்லவள்.

ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவரை எல்லோரும் பெரிய டாக்டரம்மா என்பார்கள். அவர் ஆரம்பத்திலேயே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். கல்லை வெட்டக் கூடாது, ஒரு கல்லும் மிஞ்சக் கூடாது. காரணம் இல்லாமல் இல்லை. இதற்கு முன்னால் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் ரிப்பேர் நடந்தது. இரண்டு முறையும் 'மீதிக் கல்' என்று கணக்குக் காட்டியதெல்லாம் யார் யார் வீட்டுக் குளியலறையிலோ போய்ப் படுத்துக்கொண்டது. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். எனவே இந்த முறை அம்மா தெளிவாக இருந்தார். "எல்லாக் கல்லையும் போட முடிஞ்சா போடுங்க. முடியலன்னா மொத்தத்தையும் வெளிப்படையா ஏலம் விட்டுடுவேன். கம்பெனி டைல்ஸ் போட்டுக்கலாம்."

கம்பெனி டைல்ஸ் என்றதும், புதிய கட்டடத்தைக் கட்டுகிற இன்ஜினியரின் மச்சினன் முகம் மலர்ந்தது. அவனுக்கு டைல்ஸ் வியாபாரம். மாமாவைப் பார்க்க வந்தேன் என்று தினம் வருவான், வந்து அந்தத் தகரப் பலகையின் பக்கத்தில் நின்றுகொண்டு, "பெயிண்ட் காயறதுக்குள்ள அழிக்கணும் போலிருக்கே" என்பான். ரசமட்டத்துக்கு அவனைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கோபத்தில்தான் முதல் நாளே வாயை விட்டாள். முற்றத்தில் முதல் கல்லைப் பெயர்த்ததும் அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு நேரே டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். அது தட்டையான, கறுத்த, நாலு விளிம்பும் கூராக இருக்கிற கல். மேசைமேல் வைத்தாள். இன்ஜினியரும் மச்சினனும் அங்கேதான் இருந்தார்கள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் டாக்டரம்மா. எல்லாக் கல்லையும் போட்டுட்டுக் கடைசியா இதைக் கேட்டு வாங்கிட்டுப் போவேன். ஒண்ணு உடைஞ்சாலும் ஒண்ணு மீந்தாலும் வெளிய இருக்கற பலகையில என் பேரை அழிச்சிடுங்க. இந்தத் தொழிலையே விட்டுடறேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு கல்லை எடுத்துக் காகிதங்களின்மேல் பாரமாக வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? யார் அண்ணி உங்களை இதெல்லாம் சொல்லச் சொன்னது?"

நாற்பது நாள் பெயர்த்தார்கள். பழைய சுண்ணாம்புக் கலவை, பட்டை உளியைச் சாய்த்து நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்ப வேண்டும். அந்த முற்றம் ஒரு பெரிய சதுரம். அதன் நடுவே கற்கள் இல்லாமல் ஒரு சதுரத் தண்ணீர்த் தொட்டி. நடுவே என்று சொன்னேன் அல்லவா, அதைக் கேட்டால் ரசமட்டத்துக்குக் கோபம் வரும். தொட்டி சரியான நடுவில் இல்லை. ஒரு பக்கம் முப்பத்தாறு கல், எதிர்ப் பக்கம் முப்பத்தேழு. எந்தத் திசையில் எண்ணினாலும் அப்படித்தான். எந்தக் காலத்து மேஸ்திரியோ ஒரு கல் தப்பிவிட்டிருந்தான். அவனை அவள் நாற்பது நாளும் திட்டினாள்.

"அந்தப் பக்கம் முப்பத்தாறு, இந்தப் பக்கம் முப்பத்தேழு. இவன் கண்ணைப் பிடரியில வச்சிருந்தானா?"

"செத்துப் போனவனை ஏன் அண்ணி திட்டறீங்க. அவன் பொண்டாட்டி திட்டாததையா நீங்க திட்டிடப் போறீங்க" என்பாள் நாத்தனார்.

ஒரு கல்லும் உடையவில்லை. கிடங்கில் நூறு நூறாக அடுக்கினார்கள். சரியாக நூறு அடுக்கு. பத்தாயிரம்.

செவ்வாய்க்கிழமை இன்ஜினியர் வரைபடத்தோடு டாக்டரம்மாவின் அறைக்கு வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. எல்லாம் தெரியும் என்று நினைக்கிற மனிதர், அவ்வளவுதான். புதிய கட்டடத்தில் நூற்றைம்பது அடி நீளம், எண்பத்திரண்டு அடி அகலத்துக்கு வெறும் தளம் கிடந்தது. அதற்குள் எந்த அளவில் வேண்டுமானாலும் மண்டபத்தை அமைத்துக்கொள்ளலாம். தரை அளவு முடிவானால்தான் நாலு பக்கமும் நிறுத்தப்போகும் கண்ணாடிச் சுவரை அறுக்கக் கொடுக்க முடியும். கண்ணாடிக்காரர் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அளவெடுக்க வருகிறார்.

"ரொம்ப சுலபம். எண்பது வரிசை, வரிசைக்கு நூத்தி இருபத்தஞ்சு கல். எண்பதை நூத்தி இருபத்தஞ்சால பெருக்கினா பத்தாயிரம். வெட்டவும் வேணாம், மிஞ்சவும் மிஞ்சாது" என்றார் இன்ஜினியர்.

ரசமட்டத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கையெடுத்துக் கும்பிடப் போனாள். அப்போது டாக்டரம்மா காகிதக் கட்டின் மேலிருந்த கல்லை எடுத்து வரைபடத்தின்மேல் டக்கென்று வைத்தார்.

"இதைச் சேர்த்தாச்சா?"

 மச்சினன் இருமினான்.

"அது ஒண்ணுதானே மேடம், உங்க மேசையிலயே இருக்கட்டுமே, ஞாபகமா" என்றார் இன்ஜினியர்.

"அடுத்த வருஷம் நான் ரிட்டையர் ஆகறேன். டாக்டரம்மாவும் ஒரு கல்லைத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு பேசுவாங்க. குளியலறைக்குக் கொண்டுபோனவங்களை நான் என்ன பேச்சுப் பேசியிருக்கேன்! இதுவும் தரைக்குத்தான் போகணும். பத்தாயிரத்து ஒண்ணு. அதுக்கு ஒரு அளவு சொல்லுங்க."

இன்ஜினியர் சட்டைப் பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தார். அரை மணி நேரம் வகுத்தார். ஒரு தாள் முழுக்க எழுதிவிட்டு எழுந்து வந்தார்.

"நடக்காது மேடம். நீளச் சதுரமா போடணும்னா வரிசையையும், வரிசைக்கு இத்தனை கல்லுங்கறதையும் பெருக்கினா மொத்தம் வரணும். ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழுன்னு தாள் முழுக்க வகுத்துப் பார்த்துட்டேன், எதுலயும் மீதியில்லாம போகல. இது பகா எண். தன்னாலயும் ஒண்ணாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாது. போட்டே ஆகணும்னா ஒத்தை வரிசையா போடலாம். பத்தாயிரத்து ஒரு அடி நீளம். பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போகும்."

மச்சினன் சிரித்தான். ரசமட்டம் சிரிக்கவில்லை. ஒரு கல், ஒரே ஒரு கல்! அதுவும் அவளே துடைத்து, அவளே தூக்கிக்கொண்டு வந்து, அவளே வீறாப்பாக வைத்த கல். பத்தாயிரம் எப்பேர்ப்பட்ட எண்! ஊரெல்லாம் உறவு அதற்கு. இரண்டு, நாலு, ஐந்து, எட்டு, எதைக் கூப்பிட்டாலும் வந்து உட்காரும். அதற்குப் பக்கத்து வீட்டில் பிறந்த பத்தாயிரத்து ஒன்று, யாரோடும் சேராத உம்மணாமூஞ்சி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"வியாழக்கிழமை பத்து மணி வரைக்கும் டைம் இருக்கு" என்றார் டாக்டரம்மா. குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. ஆனால் நிபந்தனை நிபந்தனைதான்.

புதன்கிழமை காலை கிடங்குச் சுவரில் சாக்கட்டியால் கணக்குப் போட்டது நாத்தனார்தான். தளத்தின் அகலம் எண்பத்திரண்டு அடி அல்லவா, அதிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கினாள். எண்பத்திரண்டு வரிசை போட்டால் எழுபத்தொன்பது கல் மீதி. எண்பத்தொன்றுக்கு முப்பத்தெட்டு. எண்பதுக்கு அந்தப் பாழாய்ப்போன ஒன்று. எழுபத்தொன்பதுக்கு நாற்பத்தேழு, எழுபத்தெட்டுக்குப் பதினேழு, எழுபத்தேழுக்கு அறுபத்தெட்டு, எழுபத்தாறுக்கு நாற்பத்தைந்து, எழுபத்தைந்துக்கு இருபத்தாறு, எழுபத்துநாலுக்குப் பதினொன்று. அப்போது சிமெண்ட் லாரி வந்து ஹாரன் அடித்தது.

"போதும் அண்ணி. படிச்ச மனுஷன் போகாதுன்னு சொல்லிட்டாரு. நான் சுவரைக் கிறுக்கினா மட்டும் போயிடுமா?" சாக்கட்டியை வீசிவிட்டு மூட்டை இறக்கப் போய்விட்டாள்.

ரசமட்டம் மத்தியானம் சாப்பிடவில்லை. கால் போன போக்கில் நடந்து பழைய முற்றத்துக்குப் போனாள். கற்கள் போனபிறகு அங்கே வெறும் சுண்ணாம்புப் படுகைதான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு கல் இருந்த இடமும் கட்டம் கட்டமாக அச்சு விழுந்து கிடந்தது, மூலையிலிருந்து மூலை வரைக்கும். வெள்ளிக்கிழமை இதையும் இடித்துவிடுவார்கள். காய்ந்த தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். பழக்க தோஷம், கண் தானாக எண்ணியது. அந்தப் பக்கம் முப்பத்தாறு, இந்தப் பக்கம் முப்பத்தேழு. "குருடன்" என்று வாய் முணுமுணுத்தது.

முணுமுணுத்த வாய் அப்படியே நின்றது.

நேற்றிலிருந்து எல்லோரும் எதை வகுத்துக்கொண்டிருந்தார்கள்? ஒரு குவியலை. கிடங்கில் அடுக்கி வைத்த குவியலை எண்ணி, அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு முட்டி மோதினார்கள். இந்தக் கல்லெல்லாம் குவியலாகவா பிறந்தது? தரையாகத்தானே கிடந்தது! முப்பத்தாறும் தொட்டியின் அகலம் முப்பத்திரண்டும் முப்பத்தேழும் சேர்ந்தால் நூற்றைந்து. நூற்றைந்துக்கு நூற்றைந்து சதுரம், நடுவே முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு ஓட்டை. அதுதான் அந்தப் பத்தாயிரத்து ஒன்றின் முகம். முகத்தைப் பார்க்காமல் முதுகையே தட்டிக்கொண்டிருந்தால் அது எப்படித் திரும்பிப் பார்க்கும்?

கிடங்குக்கு ஓடினாள். காலி சிமெண்ட் பை ஒன்றை எடுத்து, காகிதத்தைச் சதுரமாகக் கிழித்தாள். ஓட்டை நடுவில் இருந்தால் என்ன, மூலையில் இருந்தால் என்ன, கல் கணக்கு ஒன்றுதானே? தூண் நடுவிலே வந்து தொல்லை கொடுக்கிற அறைக்குக் கல் கணக்குப் பார்க்க, மனதுக்குள் தூணை மூலைக்குத் தள்ளிவிடுவது அவள் இருபத்திரண்டு வருடமாகச் செய்கிற வேலை. காகிதத்தின் வலது மேல் மூலையில் சின்னச் சதுரத்தைக் கிழித்து எறிந்தாள். மிச்சம் இருந்தது இரண்டு துண்டு. கீழே அகலமாக ஒன்று, நூற்றைந்து கல் நீளம், எழுபத்துமூன்று கல் உயரம். அதன் தலைமேல் குட்டையாக ஒன்று, எழுபத்துமூன்று கல் அகலம், முப்பத்திரண்டு கல் உயரம்.

குட்டைத் துண்டைத் தனியாகக் கிழித்தாள். நிமிர்த்தி நிறுத்தினாள். இப்போது அதன் உயரம் எழுபத்துமூன்று. பெரிய துண்டின் பக்கத்தில் கொண்டுபோய் ஒட்டினாள். தோளுக்குத் தோள் சரியாக நின்றது. ஒரு நூல் ஏறவில்லை, ஒரு நூல் இறங்கவில்லை. நூற்றைந்தும் முப்பத்திரண்டும் நூற்று முப்பத்தேழு. உயரம் எழுபத்துமூன்று.

"அடியே!" என்று கத்தினாள். மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நாத்தனார் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"என்னாச்சு அண்ணி? பாம்பா?"

"நூத்தி முப்பத்தேழை எழுபத்துமூணால பெருக்குடி!"

நாத்தனார் சுவரில் பெருக்கினாள். எழுபதால் பெருக்க ஒன்பதாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு. மூன்றால் பெருக்க நானூற்றுப் பதினொன்று. கூட்டினாள். பத்தாயிரத்து ஒன்று. மறுபடியும் கூட்டினாள். பிறகு சுவரில் காலையில் தான் எழுதியிருந்த வரிசையை மேலிருந்து கீழே பார்த்தாள். எழுபத்தேழு, எழுபத்தாறு, எழுபத்தைந்து, எழுபத்துநாலு. மீதி அறுபத்தெட்டு, நாற்பத்தைந்து, இருபத்தாறு, பதினொன்று. இன்னும் ஒரே ஒரு படி இறங்கியிருந்தால் மீதி ஒன்றுமில்லை.

"கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேனே! அந்த லாரிக்காரனை நான் சும்மா விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அண்ணியைக் கட்டிக்கொண்டாள். சிமெண்ட் தூசியோடு இரண்டு பேரும் சிரித்தார்கள், கொஞ்சம் அழவும் செய்தார்கள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வெறும் தளத்தில் எல்லோரும் கூடினார்கள். கண்ணாடிக்காரர் அளவு நாடாவோடு வந்திருந்தார். மச்சினன் டைல்ஸ் மாதிரிகளை ஒரு பெட்டியில் கொண்டுவந்திருந்தான், பளபளவென்று இருந்தன. டாக்டரம்மா கல்லைக் கையில் எடுத்து வந்திருந்தார்.

"சொல்லும்மா, ஏலத்துக்கு எழுதிடலாமா?" என்றார் இன்ஜினியர்.

ரசமட்டம் செருப்பைக் கழற்றினாள். நாத்தனாரிடம் சாக்கட்டித் தூள் பூசிய நூலின் ஒரு முனையைக் கொடுத்து அனுப்பி, தளத்தில் நாலு கோடு சுண்டினாள். பெரிய நீளச் சதுரம் ஒன்று பளிச்சென்று விழுந்தது.

"நூத்தி முப்பத்தேழு அடி. எழுபத்துமூணு அடி. கண்ணாடியை அறுக்கச் சொல்லுங்க" என்றாள்.

இன்ஜினியர் சிரித்துக்கொண்டே போனை எடுத்துத் தட்டினார். சிரிப்பு நின்றது. மறுபடி தட்டினார். போனில் ஏதோ கோளாறு என்பது போல அதை உதறினார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்தார். நாத்தனார் அவர் தோளுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தாள், அவளுக்கு வெட்கமெல்லாம் கிடையாது. தாளில் இருபது கோடு. கோட்டுக்கு ஒரு பகா எண்ணாக இரண்டில் ஆரம்பித்து வகுத்திருந்தார். இருபதாவது கோட்டில் எழுபத்தொன்று. அதோடு தாள் முடிந்துவிட்டது.

"எழுபத்தொண்ணுக்கு அடுத்த பகா எண் எது சார்?" என்று டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்.

இன்ஜினியர் தாளை மடித்தார். "எழுபத்துமூணு" என்றார். "தாளைத் திருப்பியிருக்கணும் மேடம்."

"நான் மேலேர்ந்து எழுபத்துநாலு வரைக்கும் வந்தேன். சார் கீழேர்ந்து எழுபத்தொண்ணு வரைக்கும் வந்திருக்காரு. அது நடுவுல உட்காந்து ரெண்டு பேரையும் பார்த்துச் சிரிச்சிருக்கு" என்றாள் நாத்தனார்.

முதலில் டாக்டரம்மா சிரித்தார். பிறகு கண்ணாடிக்காரர். கடைசியில் இன்ஜினியரே சிரித்துவிட்டார். யானைக்கும் அடி சறுக்கும், சறுக்கியபின் அது எழுந்து நிற்கிற விதத்தில்தான் இருக்கிறது மரியாதை. "நீங்க எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று அவர் கேட்டபோது, இதுவரை அவர் குரலில் இருந்த அலட்சியம் அதில் இல்லை.

ரசமட்டம் சிமெண்ட் பைக் காகிதத்தை எடுத்து, எல்லோர் முன்னாலும் மறுபடி கிழித்து, திருப்பி, ஒட்டிக் காட்டினாள். டாக்டரம்மா அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கினார்.

"அப்படின்னா பழைய தரையில இருந்த கல்லு மொத்தமும் இதுதான். நூத்தஞ்சு பெருக்கல் நூத்தஞ்சு, அதுல முப்பத்திரண்டு பெருக்கல் முப்பத்திரண்டைக் கழிச்சா..."

"பதினோராயிரத்து இருபத்தஞ்சுல ஆயிரத்து இருபத்துநாலு போனா பத்தாயிரத்து ஒண்ணு" என்றாள் ரசமட்டம். "ஒரு கல்லும் உடையல, ஒரு கல்லும் எவன் வீட்டுக்கும் போகல டாக்டரம்மா. தரையே சாட்சி சொல்லுது."

மச்சினன் பெட்டியை மூடினான். அது பூட்டிக்கொள்ளாமல் இரண்டு தடவை திறந்துகொண்டது.

வேலை இருபத்தாறு நாள் நடந்தது. இடையில் ஒருநாள் இன்ஜினியர் ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்து, கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். ராத்திரியெல்லாம் அந்த எண்ணோடு மல்லுக்கட்டியதாகச் சொன்னார். "இது பெரிய கில்லாடி எண்ணும்மா. எதாவது நாலு இலக்கம் சொல்லுங்க" என்றார். நாத்தனார் ஐந்து, எட்டு, மூன்று, ஆறு என்றாள். "அதையே ரெண்டு தடவை சேர்த்து எழுதுங்க. ஐம்பத்தெட்டு முப்பத்தாறு, ஐம்பத்தெட்டு முப்பத்தாறு. எட்டு இலக்கம் ஆச்சா? நூத்தி முப்பத்தேழால வகுங்க. வர்றதை எழுபத்துமூணால வகுங்க."

நாத்தனார் போனில் தட்டினாள். முதலில் நாலு லட்சத்து இருபத்தாறாயிரத்து இருபத்தெட்டு வந்தது, மீதியில்லை. அதை எழுபத்துமூன்றால் வகுத்ததும் அவள் சொன்ன அதே ஐயாயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு வந்து நின்றது. வாயைப் பிளந்தாள்.

"எந்த நாலு இலக்கத்தையும் பத்தாயிரத்து ஒண்ணால பெருக்கினா அதுவே ரெண்டு தடவை பக்கத்துல பக்கத்துல வந்து நிக்கும். அதான் சூட்சுமம்" என்றார் இன்ஜினியர். தோற்றவர் முகம் போல அது இல்லை, பொம்மை கிடைத்த குழந்தை முகம் போல இருந்தது. ரசமட்டத்துக்கு அவரை அன்றைக்குத்தான் பிடித்தது. யாரோடும் சேராது என்று தான் திட்டிய எண், எழுதியதையெல்லாம் இரட்டையாகப் பெற்றுப் போடுகிறது என்றதும் அதன்மேலும் ஒரு வாஞ்சை வந்தது.

கடைசி நாள். எழுபத்துமூன்று வரிசையும் நிறைந்துவிட்டது, கடைசி வரிசையின் கடைசி மூலையில் ஓரடிச் சதுரப் பள்ளம் ஒன்று மட்டும் பாக்கி. நாலு பக்கமும் கண்ணாடிச் சுவர் நிமிர்ந்து நின்றது. நர்சுகள், வார்டு ஆட்கள், கண்ணாடிக்காரர் எல்லோரும் சுவருக்கு அந்தப் பக்கம் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். டாக்டரம்மா கல்லை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கேட்டு வாங்கிட்டுப் போவேன்னு சொன்னே. கேளு."

"கொடுங்க டாக்டரம்மா" என்றாள் ரசமட்டம். கையை நீட்டினாள், ஆனால் வாங்கவில்லை. "இல்ல, நீங்களே வைங்க. நான் தட்டறேன்."

அறுபது வயசு டாக்டரம்மா முட்டி போட்டு உட்கார்ந்து கல்லைப் பள்ளத்தில் இறக்கினார். ரசமட்டம் ரப்பர் சுத்தியால் நாலு மூலையிலும் நாலு தட்டு தட்டினாள். உட்கார்ந்துவிட்டது. நாத்தனார் சந்தில் கலவையைத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தாள். ரசமட்டம் எழுந்து வெறும் காலோடு அதன்மேல் ஏறி நின்று கண்ணை மூடினாள். எந்த மூலையும் தாழவில்லை.

"மீதி?" என்று கேட்டார் டாக்டரம்மா.

இன்ஜினியரின் மச்சினன் நல்ல மனசோடுதான் கிடங்குக்குப் போனானா, நப்பாசையோடு போனானா என்பது அவனுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். கதவைத் திறந்து உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். விளக்குமாறு ஒன்றைத் தவிர உள்ளே எதுவும் இல்லை.

"சைபர்" என்றாள் ரசமட்டம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை தட்டினார்கள். சத்தம் உள்ளே சரியாகக் கேட்கவில்லை, ஆனால் அத்தனை கைகளும் தெரிந்தன. அவள் அழுதாள், மறைக்கவில்லை. அவளுக்கு அந்தப் பழைய மேஸ்திரியின் ஞாபகம் வந்தது. தொட்டியை அவன் ஒழுங்காக நட்டநடுவில் வைத்திருந்தால் அதன் அகலம் முப்பத்தொன்றோ முப்பத்துமூன்றோ ஆகியிருக்கும், கல் கணக்கு வேறாகியிருக்கும். வேறாகாமல் இருந்திருந்தாலும் அவள் எதைத் திட்டியிருப்பாள்? திட்டாமல் எதை ஞாபகம் வைத்திருப்பாள்? "நல்லா இருப்பா, எங்க இருந்தாலும்" என்று மனதுக்குள் சொன்னாள். நாற்பது நாள் திட்டியதற்கு அது போதுமா என்று தெரியவில்லை.

வாசலுக்கு வந்தார்கள். தகரப் பலகை வெயிலில் நின்றது. இத்தனை நாள் தூசியில் அவள் பெயர் மங்கிப்போய், உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. நாத்தனார் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தெருவே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள்.

"யாரங்கே, அந்தப் பெயிண்டரைக் கூப்பிடுங்க! எங்க அண்ணி பேருக்கு ரெண்டாவது கோட் அடிக்கணும்!"